போட்டா, கப்பலா? டிரை டாக்கில் எட்டு வருடம்

என் அப்பா தூத்துக்குடியில் ஓடாவி, அதாவது தோணி கட்டும் தச்சர். 2009 பொங்கல் முடிந்த வாரம், விசாகப்பட்டினத்தில் கப்பல் ரிப்பேர் செய்யும் டாக்கில் வேலை பார்த்த என்னைப் பார்க்க முதல் தடவையாக வந்தார். மரம், உளி, கடல் தவிர வேறெதிலும் ஆர்வமில்லாத மனிதர். அவருக்கு எதைக் காட்டுவது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, ராமகிருஷ்ணா கடற்கரையில் இருக்கும் ஐஎன்எஸ் குர்சுராவுக்குக் கூட்டிப்போனேன். சோவியத் யூனியனில் கட்டி 1969ல் நம் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கி அது. 2001ல் ஓய்வு கொடுத்து, கரைக்கு இழுத்து, மறு வருடம் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். 91 மீட்டர் நீளம்.

அப்பா டிக்கெட் கவுண்டர் பக்கமே வரவில்லை. நேராக அடிப்பாகத்துக்குப் போய், கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத எப்படில கரையேத்துனானுவ?"

அவருடைய கவலை அவருக்கு. முப்பது மீட்டர் தோணியைக் கரையேற்றவே உருளைக்கட்டை, வின்ச்சு, இருபது ஆள் என்று அல்லாடுகிறவர். இது மூன்று தோணி நீளம், முழுக்க இரும்பு.

உள்ளே விளக்கம் சொன்னவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற மலையாளி. நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே சொல்ல ஆரம்பித்தார். ஏழு அறைகள், 75 பேர், முன்னால் ஆறு டார்பிடோ குழாய், பின்னால் நாலு. ஒவ்வொரு அறைக்கும் வட்டக் கதவு, குனிந்து காலைத் தூக்கி வைத்துத்தான் நுழைய வேண்டும். அவர் பேச்சில் வார்த்தைக்கு வார்த்தை "இந்த போட்", "எங்க போட்" என்று வந்தது. மூன்றாவது அறையில் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"ஏல, இம்புட்டுப் பெருச வச்சுக்கிட்டுப் போட்டுன்னு சொல்லுதாரு?"

எங்கள் ஊரில் போட்டு என்றால் மீன்பிடிக்கிற விசைப்படகு. தோணி அதற்கு ஒரு படி மேல். மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப்போவது. தோணிக்காரரிடம் போய் 'உங்க போட்டு' என்று சொன்னால் முகம் மாறிவிடும். அந்த ஊர்க்காரருக்கு 91 மீட்டர் இரும்பைப் போட்டு என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அந்த மலையாளி சிரித்தார். "எவ்வளவு பெரிசானாலும் சப்மரீன் எங்களுக்குப் போட்தான் ஐயா. கப்பல்னு சொன்னா எங்காளுங்க கோவிச்சுக்குவாங்க."

எனக்கும் அன்றுதான் உறைத்தது. தமிழில் நாம் எல்லோரும் 'நீர்மூழ்கிக் கப்பல்' என்கிறோம். அதற்குள் குடித்தனம் நடத்துகிறவர்கள் அதைக் கப்பல் என்று சொல்வதே இல்லை.

காரணம் பெரிய ரகசியமல்ல. ஆரம்பகால நீர்மூழ்கிகள் நிஜமாகவே சின்னவை. துறைமுகத்தை விட்டு அதிக தூரம் போகாதவை, கப்பல் ஒன்றின் துணையோடு இயங்கியவை. ஜெர்மானியர்கள் வைத்த பெயரே 'கடலடிப் படகு' என்றுதான் பொருள்படும். அதன் சுருக்கம்தான் யு-போட். அப்புறம் அவை வளர்ந்தன, அணுசக்தி வந்தது, பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் வீட்டில் 'சின்னத்தம்பி' என்று கூப்பிடுவதில்லையா, அந்தக் கதை.

போட்டுக்கும் கப்பலுக்கும் என்ன வித்தியாசம் என்று டாக்கில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில்: கப்பல் போட்டைத் தூக்கிக்கொண்டு போகும், போட் கப்பலைத் தூக்கிக்கொண்டு போகாது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பணக்காரர்களின் உல்லாசப் படகுகூட முதுகில் ஒரு குட்டிப் படகை வைத்துக்கொண்டு திரிகிறதே. அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் 200 மீட்டருக்கு மேல் நீளமுள்ள சரக்குக் கலங்களை இன்றும் போட் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அளவு செல்லுபடியாகவில்லை.

எனக்குப் பிடித்த பதிலை இழுவைப் படகு மாஸ்டர் ஒருவர் சொன்னார். வேகமாகத் திருப்பிப் பார், கப்பல் வெளிப்பக்கம் சாயும், போட் உள்பக்கம் சாயும். கப்பலுக்கு எடை மேலே இருக்கிறது, தண்ணீர் பிடித்து நிறுத்துவது கீழே. பஸ் வளைவில் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுவது மாதிரி மேல்பாரம் வெளியே போகிறது. வேகப் படகு அப்படியல்ல, பைக் மாதிரி வளைவுக்குள் படுத்துக்கொள்ளும். இதில் வேடிக்கை, மூழ்கிய நிலையில் வேகமாகத் திரும்பும் நீர்மூழ்கியும் உள்பக்கம்தான் சாய்கிறது. முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும் அந்தக் கோபுரத்தின் மேல் தண்ணீர் பக்கவாட்டில் மோதி அப்படிச் சாய்க்கிறது. ஆக அந்தக் கணக்கிலும் அது போட்தான். அப்பாவிடம் போனில் சொன்னேன். "அப்படின்னா சரி" என்றார். சாய்மானம் அவருக்குப் புரிகிற விஷயம்.

சட்டம் என்ன சொன்னது என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: 2025ல் புதுச் சட்டம் நிறைவேறும் வரை இருந்த 1958ஆம் வருட வணிகக் கப்பல் சட்டத்தில் 'கப்பல்' என்ற வரையறைக்குள் பாய்மரக் கலம் வரவில்லை. இயந்திரம் பூட்டியிருந்தாலும், பாயால் மட்டும் ஓடும் அளவுக்குப் பாய் இருந்தால் அது பாய்மரக் கலம்தான். முன்னூறு டன் சரக்கு ஏற்றும் எங்கள் தோணி அந்தக் காகிதத்தில் கப்பலாக இருக்கவில்லை. இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

நான் விசாகப்பட்டினம் போனது 2007ல். ஐடிஐ ஃபிட்டர் படித்துவிட்டு, ஒரு ஒப்பந்தக்காரரிடம் பைப் மற்றும் வால்வ் வேலைக்குச் சேர்ந்தேன். தங்கியது சிந்தியா பகுதியில். அந்தப் பேருக்கும் ஒரு கதை உண்டு. வால்சந்த் ஹீராசந்த் 1941ல் அங்கே தொடங்கிய கப்பல் கட்டும் தளம் சிந்தியா நிறுவனத்துடையது. 1948ல் அங்கே கட்டி நேரு கடலில் இறக்கிவைத்த 'ஜல உஷா'தான் சுதந்திர இந்தியாவில் கட்டி முடித்த முதல் பெரிய கப்பல். பிறகு அரசு எடுத்துக்கொண்டு ஹிந்துஸ்தான் ஷிப்யார்ட் ஆனது. பஸ் கண்டக்டர்கள் இன்னமும் 'சிந்தியா, சிந்தியா' என்றுதான் கத்துகிறார்கள்.

முதல் நாள் டிரை டாக்கைப் பார்த்தபோது அப்பாவின் தொழில் ஞாபகம் வந்தது. தோணி ரிப்பேர் என்றால் கலத்தைக் கரைக்கு இழுக்க வேண்டும். பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினால் கலப்பத்து முடிந்தது. இங்கே கப்பலை இழுப்பதில்லை. கப்பல் மிதந்தபடியே பள்ளத்துக்குள் வரும், கதவை அடைத்துத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். கலத்தைக் கரையேற்றுவதற்குப் பதில் கடலை வெளியேற்றுகிறார்கள், அவ்வளவுதான். மிதக்கும் டாக் என்று இன்னொரு வகை உண்டு. அது தானே மூழ்கி, கப்பலை மடியில் வாங்கிக்கொண்டு, தண்ணீரை வெளியேற்றி மேலே வரும்.

தண்ணீர் வடிவதற்கு முன்பே அடியில் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். எந்தக் கட்டை எங்கே என்பதற்கு ஒவ்வொரு கப்பலுக்கும் தனி வரைபடம் உண்டு. கப்பலின் பின்பக்கம் முதலில் கட்டையைத் தொடும். அந்த நேரத்திலிருந்து முழு நீளமும் உட்காரும் வரைக்கும்தான் ஆபத்து. பாதி மிதப்பு, பாதி கட்டை என்று இருப்பதால் சமநிலை குறைந்துபோகும். டாக் மாஸ்டர் அப்போது யாரிடமும் பேச மாட்டார். நாங்களும் மேலே நின்று வாயை மூடிக்கொண்டு பார்ப்போம்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

2010ல் ஒரு சரக்குக் கப்பல். கடல்நீரை உள்ளே இழுக்கும் குழாயின் வால்வைக் கழற்றி, கடைந்து, திரும்ப மாட்ட வேண்டும். குழாயையும் வால்வையும் சேர்க்கும் விளிம்புக்கு ஃபிளாஞ்ச் என்று பேர், இதில் பன்னிரண்டு போல்ட். நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, பசி. கீழ்ப்பக்கம் கை எட்டாத இடத்தில் பழைய கேஸ்கெட் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. விரலால் தடவினேன், பரவாயில்லை என்று தோன்றியது. போல்ட்டை முறுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். மூன்று நாள் கழித்து டாக்கில் தண்ணீர் விட்டார்கள். வழக்கம்போல் ஒவ்வொரு வால்வுக்கும் ஓர் ஆளை டார்ச்சோடு நிறுத்தினார்கள். என் வால்வுக்கு நானே நின்றேன். தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டியதும் ஃபிளாஞ்ச்சின் கீழிருந்து ஊசி மாதிரி ஒரு தாரை. பிறகு அது விரல் தடிமன் ஆயிற்று.

கத்தினேன். தண்ணீர் விடுவதை நிறுத்தி, திரும்ப இறைத்து, வால்வை அவிழ்த்து, துணுக்கைச் சுரண்டி மாட்டினோம். ஒரு முழு ஷிப்ட் போயிற்று. இந்தியில் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. கூலியில் பிடித்ததும் நியாயம்தான்.

அன்று இரவு எங்கள் கும்பலின் மூத்த ஃபிட்டர், நாங்கள் பாபாய் என்று கூப்பிடும் தெலுங்குக்காரர், டீக்கடையில் என்னை உட்கார வைத்துப் பேசினார். அவர் இளமையில் நீர்மூழ்கிப் பராமரிப்பில் வேலை பார்த்தவர். எங்கே, எந்தக் கலம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்த வேலையில் இருந்தவர்களிடம் கேட்கவும் கூடாது. ஆனால் தொழிலைப் பற்றிப் பேசுவார்.

"கப்பல்ல ஒட்டு கசிஞ்சா பம்ப் போடலாம். போட்ல அதே கசிவு எங்க நடக்கும்னு நினைச்சுப் பார்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு அங்குலத் துளை, நாலு மீட்டர் ஆழம் என்றால் விநாடிக்கு இரண்டரை லிட்டர் போலத் தண்ணீர் வரும், வாளியோடு ஓடலாம். அதே துளை 100 மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு குடம். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. உள்ளே வந்த தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பம்பும் அதே அழுத்தத்தை எதிர்த்துத்தான் தள்ள வேண்டும். அந்த வேகத்தில் பீய்ச்சுகிற உப்புத்தண்ணீர் மின்சாரப் பலகை மேல் பட்டால் தண்ணீரின் எடையைப் பற்றிக் கவலைப்படவே நேரமிருக்காது.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. அமெரிக்காவின் த்ரெஷர் என்ற நீர்மூழ்கி போர்ட்ஸ்மத் தளத்தில் பெரிய பராமரிப்பு முடித்து வெளியே வந்து, 1963 ஏப்ரல் 10 அன்று ஆழ்முழுக்குச் சோதனையில் 129 பேரோடு போய்விட்டது. இயந்திர அறையில் ஒரு கடல்நீர்க் குழாயின் ஒட்டு விட்டுப்போய், தண்ணீர் பீய்ச்சி மின்சாரம் கெட்டு, அணு உலை நின்றுபோயிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. மிதப்புத் தொட்டிகளுக்குள் காற்றை ஊதி மேலே வரப் பார்த்திருக்கிறார்கள், காற்றில் இருந்த ஈரம் குழாயில் பனிக்கட்டியாக உறைந்து அதையும் அடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கக் கடற்படை, தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் ஒவ்வொரு ஒட்டுக்கும் யார் செய்தார், என்ன உலோகம், யார் சோதித்தார் என்று எழுத்தில் வைக்கும் 'சப்சேஃப்' முறையைக் கொண்டுவந்தது. அந்தச் சான்று பெற்ற நீர்மூழ்கி எதுவும் அதன்பின் மூழ்கிப் போனதில்லை.

கேஸ்கெட் துணுக்கு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை, த்ரெஷர் கதையைச் சொல்வேன். ஃபிளாஞ்ச் வேலையில் அன்றிலிருந்து என் பழக்கம் இது: இரண்டு முகத்தையும் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். கை எட்டாத இடத்துக்குப் பல் மருத்துவர் வைத்திருப்பாரே, அந்தக் குட்டிக் கண்ணாடி போதும். போல்ட்டை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக முறுக்குவேன், மூன்று சுற்றில். கடைசிச் சுற்று முடித்த போல்ட்டில் பெயிண்டால் ஒரு கோடு. பாதியில் சாப்பிடப் போனால் திரும்ப வந்து முதல் போல்ட்டிலிருந்து தொடங்குவேன். 'எங்கே விட்டோம்' என்ற ஞாபகத்தை நம்புவதில்லை.

நீர்மூழ்கி ரிப்பேர் எப்படி வேறுபடுகிறது என்று பாபாய் சொன்னதில் எனக்கு மிக ஆச்சரியமாக இருந்தது எடைக் கணக்கு. கப்பலில் பத்து டன் கூடினால் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும், முடிந்தது. நீர்மூழ்கி தண்ணீருக்குள் மிதக்காமலும் அமிழாமலும் நடுவில் நிற்க வேண்டிய சாமான். ரிப்பேரில் உள்ளே போன ஒவ்வொரு பம்ப்பும், வெளியே வந்த ஒவ்வொரு கேபிளும், சுரண்டி எடுத்த பெயிண்டும்கூட எடையாக நோட்டில் ஏற வேண்டும். எவ்வளவு எடை என்பதோடு எந்த இடத்தில் என்பதும் முக்கியம். கடைசியில் ஈயக் கட்டிகளை நகர்த்தி வைத்துச் சரிக்கட்டுவார்கள். துறைமுகத்துக்குள்ளேயே மெதுவாக முக்கிப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு.

அடுத்தது உடம்பு. அழுத்தத்தைத் தாங்கும் உள்கூடு வட்டமாக இருந்தால்தான் தாங்கும். வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகிவிட்டால் பலம் சட்டென்று இறங்கிவிடும். அதனால் வட்டம் சரியாக இருக்கிறதா, தகடு எங்கே தேய்ந்திருக்கிறது என்று அங்குலம் அங்குலமாக அளப்பார்கள். ஆள் நுழையும் துவாரத்தில் டீசல் இஞ்சின் நுழையாது. பெரிய சாமானை வெளியே எடுக்க அந்த உள்கூட்டையே வெட்ட வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வெல்டிங் செய்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நம் கடற்படையின் பழைய சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிக்கு 240 பேட்டரி செல்கள். ஒவ்வொன்றும் சில நூறு கிலோ. அத்தனையும் ஒன்றொன்றாக வெளியே வர வேண்டும், அதே வழியில் புதுசு போக வேண்டும். வெளித்தோலில் சத்தத்தை உறிஞ்சும் ரப்பர் ஓடுகள் வேறு. அவற்றை உரித்து மறுபடி ஒட்டுவது தனி வேலை.

இவ்வளவு இருப்பதால்தான் இந்த வேலையை நினைத்த இடத்தில் செய்ய முடியாது. இந்தியாவில் மும்பை, விசாகப்பட்டினம் கடற்படைத் தளங்களிலும், மும்பை மசகான் டாக்கிலும், விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டிலும் செய்கிறார்கள். நம்முடைய ரஷ்ய வகை நீர்மூழ்கிகள் பல, ரஷ்யாவின் வடகோடியில் செவெரோத்வின்ஸ்க் வரைக்கும் போய் ரிப்பேராகி வந்தவை. அமெரிக்காவுக்கு நாலு கடற்படைத் தளங்கள் இருக்கின்றன. பிரிட்டனுக்கு டெவன்போர்ட். சின்னச் சின்ன வேலைக்குத் தளம் வரை போக வேண்டியதில்லை, அதற்கென்றே பணிமனையோடு கூடிய தாய்க்கப்பல்கள் உண்டு. 1968ல் சோவியத்திடம் வாங்கிய ஐஎன்எஸ் அம்பா பல வருடம் அந்த வேலையைப் பார்த்தது. போட்டுகளுக்குத் தாய், ஒரு கப்பல். இந்த இடத்தில் மட்டும் பேர் ஒழுங்காகப் பொருந்துகிறது.

தாமதம் என்றால் அது இந்த வேலையின் கூடப் பிறந்தது. ஐஎன்எஸ் சிந்துகீர்த்தி என்ற நீர்மூழ்கி 2006ல் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுக்குள் போனது. நான் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, 2015ல் ஊருக்குக் கிளம்பிய வருடம்தான் அது வெளியே வந்தது. பேப்பரில் திட்டித் தீர்த்தார்கள். திட்டுவதில் நியாயம் இருக்கலாம், ஆனால் பழைய சாமானைத் திறந்து பார்த்தவனுக்கு இன்னொன்றும் தெரியும்: திறக்கும் வரை எதுவும் தெரியாது. ஒரு குழாயை மாற்றப் போய், அது தொங்கும் கொக்கி இற்றிருப்பது தெரியும், கொக்கிக்குப் பின்னால் தகடு. உதிரிப்பாகமோ வேறொரு நாட்டிலிருந்து வர வேண்டும். அதற்கடுத்து அங்கே ரிப்பேரான சிந்துவீர், பின்னர் 2020ல் மியான்மர் கடற்படைக்குப் போய்விட்டது.

ரிப்பேரில் இருக்கும் நீர்மூழ்கிக்குக் கடலைவிடப் பெரிய எதிரி தீ. கேபிள் எல்லாம் கலைந்து கிடக்கும், கதவுகளின் வழியே வெல்டிங் ஹோஸ் ஓடுவதால் மூட முடியாது, தீயணைப்புச் சாதனம் பாதி கழற்றி வைத்திருக்கும். 2012 மே மாதம் அதே போர்ட்ஸ்மத் தளத்தில் இருந்த மயாமி என்ற நீர்மூழ்கியில், வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று ஒரு பெயிண்டர் கந்தல் துணியில் தீ வைத்தார். சரிசெய்யும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு அந்தக் கலத்தையே கைவிட்டார்கள். 2020 ஜூனில் பிரான்ஸின் துலோன் தளத்தில் பெர்ல் என்ற நீர்மூழ்கி எரிந்தது. முன்பாதி போயிற்று, பின்பாதி நன்றாக இருந்தது. அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: ஓய்வு பெற்றுக் கிடந்த அதே வகை சஃபீரின் முன்பாதியை வெட்டி எடுத்து, பெர்லின் பின்பாதியோடு ஒட்டினார்கள். ஒட்டி முடித்தபோது முன்பிருந்ததைவிட ஒரு மீட்டருக்கு மேல் நீளம் கூடியிருந்தது. 2023ல் அது மறுபடி சேவைக்கு வந்தது. அப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். பாதித் தோணியை மாற்றிக் கட்டிய அனுபவம் அவருக்கு உண்டு.

தீயைப் பற்றி எங்கள் டாக்கில் இருந்த விதிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வெல்டிங் முடிந்ததும் ஃபயர் வாட்ச், அதாவது தீப்பிடிக்கிறதா என்று பார்த்து நிற்கும் ஆள், கிளம்பக் கூடாது, அரை மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். புதுப் பையன்கள் இதை வெட்டி வேலை என்பார்கள். தகட்டின் மறுபக்கத்தில் கனன்று கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் வெல்டிங் நடக்கிறதோ, அதற்கு மறுபக்கமும் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும்.

ஆனால் தீயைக்கூடக் கண்ணால் பார்க்கலாம். காற்று இல்லாததைப் பார்க்க முடியாது. 2012ல் ஒரு பழைய பார்ஜின், அதாவது தட்டையான சரக்குக் கலத்தின், பல்லாஸ்ட் டேங்க்கில் பைப் அளவெடுக்கப் போனேன். கலம் நிலையாக மிதக்கத் தண்ணீர் நிரப்பும் தொட்டி அது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த டேங்க், உள்ளே முழுக்கத் துரு. துருப்பிடிப்பது என்றாலே இரும்பு ஆக்சிஜனைத் தின்பது என்று அர்த்தம். மூடிய டேங்க்கில் அது தின்று தீர்த்துவிடும். எனக்கு அப்போது அது தெரியாது. கேஸ் டெஸ்ட் ஆயிற்றா என்று கேட்டதற்கு, ஆயிற்று என்று மேஸ்திரி சொன்னார், நானும் இறங்கினேன். நாற்றம் இல்லை, மூச்சு முட்டவில்லை. ஏணியில் ஏழெட்டுப் படி இறங்கியதும் கால் பஞ்சாகிப்போனது, அவ்வளவுதான் ஞாபகம். மேலே நின்ற ஸ்ரீகாகுளத்துப் பையன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத ஆளில்லை. அவன் உள்ளே இறங்காமல் கயிற்றை இழுத்தான் பாருங்கள், அதுதான் புத்திசாலித்தனம். இந்த மாதிரி விபத்துகளில் காப்பாற்றப் பின்னால் குதிக்கிறவர்தான் பெரும்பாலும் இரண்டாவது பிணம்.

அதிலிருந்து, டெஸ்ட் ஆயிற்றா என்று நான் கேட்பதில்லை. மீட்டரைக் காட்டு என்பேன். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே இருந்தால் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். காலையில் பார்த்த அளவு மத்தியானத்துக்குச் செல்லாது. மேலே மட்டும் பார்த்தால் போதாது, நடுவிலும் அடியிலும் மீட்டரை இறக்கிப் பார்க்க வேண்டும். ஆர்கன் வெல்டிங் நடந்த இடமாக இருந்தால் இரட்டைக் கவனம். அந்த வாயு காற்றைவிடக் கனம், மணமே கிடையாது, பள்ளத்தில் போய்த் தண்ணீர் மாதிரி தேங்கிவிடும். சாப்பிடப் போகும்போது ஹோஸை உள்ளே விட்டுவிட்டுப் போகிற வெல்டர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் சண்டை போடுங்கள், தப்பில்லை.

இப்போது தூத்துக்குடியிலேயே இழுவைப் படகு, பார்ஜ் வேலைகள் பார்க்கிறேன். ஐடிஐ முடித்த பையன்கள் வந்து, "அண்ணே, சப்மரீன் ரிப்பேர்ல சேரணும்" என்று கேட்கிறார்கள். சேருங்கள், நல்ல வேலை. ஆனால் முதலில் இரண்டு வருடம் சாதாரணக் கப்பலில் வால்வு கழற்றுங்கள் என்பேன். கப்பலில் செய்யும் தப்பு திருத்த இடம் கொடுக்கும், எனக்குக் கொடுத்தது. கூடவே போலீஸ் சரிபார்ப்புக்குக் காகிதங்களை ஒழுங்காக வைத்திருங்கள். கடற்படைத் தளத்துக்குள் நுழைவுச் சீட்டு சுலபத்தில் கிடைக்காது, பேரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இழுத்தடிக்கும். உள்ளே போனால் போனைத் தொடாதீர்கள், வெளியே வந்தால் பார்த்ததைப் பேசாதீர்கள். எடுத்துப்போன ஸ்பானரை எண்ணி வைத்துக்கொண்டு, வரும்போதும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு ஸ்பானருக்காக வேலையை நிறுத்துகிற இடத்தில்தான் நீங்கள் வேலை பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலியைப் பற்றி மட்டும் பேசினால், டேங்க்குக்கு மேலே நிற்க ஆள் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் முன்பு நாங்குநேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, விஜயநாராயணம் வழியாகத் திசையன்விளைக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். ஜன்னல் வழியே உயர உயரமாகக் கம்பங்கள் தெரிந்தன. அது என்ன என்று அப்பா கேட்டார். ஐஎன்எஸ் கட்டபொம்மன், கடற்படையின் ரேடியோ நிலையம், 1990லிருந்து இருக்கிறது என்றேன். சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது, ரொம்பத் தாழ்ந்த அதிர்வெண் அலை கொஞ்ச ஆழம் போகும், மூழ்கிக் கிடக்கிற சப்மரீனுக்கு இங்கிருந்துதான் சேதி போகிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்.

அப்பா கொஞ்ச நேரம் கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "நீர்மூழ்கிக் கப்பலுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"கப்பல் இல்லய்யா, போட்டு" என்றார் அப்பா. "அவங்ககிட்டக் கப்பல்னு சொல்லிராதீரும், கோவிச்சுக்கிடுவாங்க."